தள்ளிப்போட்ட நாட்களும் உதிர்ந்த முடியும்

குளியலறையில் தண்ணீர் வடியவில்லை. எனக்கு அது அப்படித்தான் தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரர் துடைப்பக் குச்சிகள் நாலைச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். வெளியே வந்ததைப் பார்த்து, "எலி செத்துக் கெடக்குது பாரு" என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன். எலி இல்லை, முடி. சோப்பும் அழுக்கும் சேர்ந்து உருண்டு, ஒரு கைப்பிடி இருந்தது.

வீட்டில் நீளமுடி எனக்கு ஒருத்திக்குத்தான்.

அன்றைக்கே சீப்பைப் பார்த்தேன், தலையணையைப் பார்த்தேன், கூட்டிய குப்பையைக் கிளறிப் பார்த்தேன். பார்க்கத் தொடங்கிய பிறகு எங்கே பார்த்தாலும் முடிதான். அதுவரை என் பின்னல் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். கார்த்திகை முடிவதற்குள் கட்டைவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது. வகிடு அகலமாகிக்கொண்டே போனது. துணி உலர்த்தப் போய் நின்றால் உச்சந்தலை சுட்டது. முப்பத்தேழு வயதுவரை என் தலைக்கு வெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதே நிலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முடி கொட்டுவது வலிக்காது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. போய்ப் படுத்துக்கொள்ளவும் முடியாது. வலிக்கிற நோய் என்றால் மனம் வலியைக் கவனித்துக்கொண்டு கிடக்கும். வலிக்காத நோயில் அது சும்மா இருக்காது. ஆள் தேடும்.

நானும் தேடினேன். முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். குடியிருப்புத் தொட்டித் தண்ணீரில் சில நாள் மருந்து வாசனை வரும். ஆனால் அதே தண்ணீரில் குளிக்கிற என் பிள்ளைகள் இருவருக்கும் சீப்பு இறங்காத முடி. அடுத்து என் வீட்டுக்காரரின் சட்டையைச் சந்தேகப்பட்டேன். தொழிற்சாலை எண்ணெயும் ஏதோ அமிலமும் கலந்த வாடை அதில் இருக்கும். அதைத் தனியாக ஊறவைக்க ஆரம்பித்தேன். அவர் பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இந்தச் சட்டைக்கு மேலதான் என் தலை இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலியே" என்றார். அவருக்குப் பாதி வழுக்கை. அந்தத் தலையைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ள முடியாது.

சென்னீர்குப்பத்தில் என் அம்மா வீடு. கார்த்திகை தீபத்துக்குப் போயிருந்தபோது தம்பி குமார் என்னைப் பார்த்ததும் கேட்டான்.

"இன்னாக்கா, தல இன்னா இப்டி கீது?"

"கொட்டுதுடா."

"போனா மயிரே போச்சுன்னு வுடுக்கா."

எல்லா நஷ்டத்துக்கும் ஊர் சொல்கிற ஆறுதல் அது. இந்த ஒரு நஷ்டத்துக்கு மட்டும் செல்லாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். அவன் பதறிப்போனான்.

"அய்ய, அயுவாதக்கா. சும்மா தமாசுக்கு சொன்னேன். எவளாவது கண்ணு வச்சிருப்பா. உன் ஊட்டாண்ட யாரு வந்துகினு போய்கினு கீறாங்க, நல்லா யோசி."

யோசித்தேன். அதுதான் தப்பு.

எங்கள் வீட்டுக்குச் சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் பேச்சியம்மாள் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் பேச்சிக்கா என்பேன். நாலு வருஷமாக ஒரு குழம்பு அவர் வீட்டில், ஒரு பொரியல் என் வீட்டில் என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம். அவர் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கருவேப்பிலை, வெந்தயம் எல்லாம் போடுவார். இன்னொரு சாமானும் போடுவார். அது என்ன என்று கேட்டால், "அத மட்டும் கேக்காத" என்று சிரிப்பார்.

புரட்டாசியில்தான் அந்த எண்ணெயை முதன்முதலாக எனக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் பின்வாசல் படியில் உட்காரவைத்து அவரே தேய்த்துவிடுவார். புரட்டாசியில் எண்ணெய், ஐப்பசியில் உதிர்வு. குமார் சொன்ன பிறகு இந்த இரண்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தலை வாரும்போது உதிர்கிற முடியை அவர் சுருட்டி மடியில் செருகிக்கொள்வது கண்ணில் பட்டது. என் முடி அவருக்கு எதற்கு? செய்வினைக்கு முடிதான் முதலில் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் முடியைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதில் இடுப்புக்குக் கீழே இருந்தது. என்னிடமிருந்து போகிறது, அங்கே போய்ச் சேருகிறது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு அது எனக்குக் கணக்கு மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது.

எண்ணெயைச் சோதித்தும் பார்த்தேன். ஒரு தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்து இரண்டு நாள் காத்திருந்தேன். எறும்பு வரவில்லை. எறும்பே ஒதுங்குகிற எண்ணெயா என்று தட்டை ஜன்னலிலிருந்து எடுத்துக் கழுவிவைத்தேன். மார்கழிக் குளிரில் எறும்பு எங்கே வெளியே வரும் என்று அப்போது தோன்றவில்லை.

குடியிருப்புக்குள் எங்களுக்கு ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. மார்கழி முப்பது நாளும் விடியற்காலை பூஜையை நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள்தான் நடத்துவோம். ஆடியில் காப்புக் கட்டி, பால்குடம் எடுத்து, தீ மிதிப்பதும் நாங்கள்தான். இரண்டுக்கும் நான்தான் முன்னால் நிற்பேன். ஒரு நாள் தவறமாட்டேன். "வசந்தாக்கா இல்லாம ஆத்தா கண்ணு முழிக்க மாட்டா" என்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்த மார்கழியில் ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பழைய ஆவடி ஊர்க்காரி ஈஸ்வரி என் தலையைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாக்கா இது, கோழி கொத்தினாப்பல கீது?"

"தெரியல. பேச்சிக்கா எண்ணெய் தேய்க்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதான்…" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பாதி வாக்கியம். மீதியை மற்றவர்கள் முடித்துக்கொண்டார்கள். பொங்கலுக்குள் அது, பேச்சி கண்ணு பட்டால் பட்ட மரம் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவரிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மூன்றாம் நம்பர் வீட்டு மாமி கோலம் போடும்போது அவர் வந்தால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளை அவர் வீட்டுக்குள் விடவில்லை. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். குடியிருப்பிலேயே விசாரித்த ஓர் இடம் காரணம் சொல்லாமல் விலகிப்போனது.

ஒரு மத்தியானம் பேச்சிக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வசந்தா, ஒண்ணு கேள்விப்பட்டேன். நெசமா?"

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"அதையும் என் வாயால சொல்லணுமாக்கும்."

"நான் அப்படியெல்லாம் சொல்லலக்கா" என்றேன். பாதி வாக்கியம் சொன்னவளுக்கு அது ஒரு வசதி. அலமாரியில் அவர் கொடுத்த பாட்டில் நிறைய அப்படியே இருந்ததை அவர் பார்த்தார்.

"தேய்க்கலியோ?"

"சளி புடிச்சிருக்கு."

அவர் உள்ளே வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சு இல்லை.

அம்பத்தூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தோம். தலையை விரல்களால் பிரித்துப் பார்த்தார். "மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். கவலைப்படாதீர்கள் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார். மாசியில் உதிர்வு கொஞ்சம் குறைந்தது. பார்த்தாயா, எண்ணெயை விட்டதும் நின்றுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் மறுபடியும் கொட்டியது. முதல் தடவையைவிட அதிகம். எண்ணெய் தொட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. அப்போதுகூட என் புத்தி பேச்சிக்காவை விடவில்லை. உள்ளே ஊறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். "மொட்டை போட்டுடு, ஒரே வேலையாப் போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேலியாகச் சொன்னாரா, சலித்துச் சொன்னாரா என்று அன்று முழுக்க அவரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டர் நிதானமாகப் பார்ப்பார் என்று சொன்னார்கள். போனோம். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவரும் கேட்டார், இல்லை என்றேன். இரத்தச் சோகை இருக்கிறதா என்றும், தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் இருக்கிற சுரப்பி, இது குறைந்தாலும் கூடினாலும் முடி கொட்டும்) சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டுக்கான இரத்தம் பட்டணத்துக்குப் போய்த்தான் முடிவு வரவேண்டும். ஒரு வாரம் ஆனது. இரத்தம் கொஞ்சம் குறைவு, தைராய்டு நார்மல் என்று வந்தது.

நார்மல் என்ற வார்த்தையைப்போல என்னைக் கலக்கியது வேறு இல்லை. நோய் இல்லை என்றால் செய்வினைதானே? வேறு யாருடைய இரத்தத்தையோ பார்த்துவிட்டார்களோ என்றும் நினைத்தேன். பேச்சிக்கா முன்னால் கொடுத்திருந்த எண்ணெயில் கொஞ்சம் ஒரு மருந்துக் குப்பியில் ஊற்றி ஒளித்து வைத்திருந்தேன். அடுத்த தடவை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் மேஜைமேல் வைத்து, "இதைக் கொஞ்சம் சோதிச்சுப் பாக்க முடியுமா?" என்றேன்.

அவர் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். "நல்ல எண்ணெயாத்தானே இருக்கு" என்று மூடி வைத்தார். பிறகு என் கார்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாசா மாசம் சரியா வருதா?"

"அதெல்லாம் சரியா இருக்கு டாக்டர். வேண்டாத நேரத்துல வராது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வேண்டாத நேரத்துலன்னா?"

"கோயில் விசேஷம், கல்யாணம், அந்த மாதிரி. வராம பாத்துக்குவேன்."

"எப்படிப் பாத்துக்குவீங்க?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு போன தடவை கேட்டேனே அம்மா."

"அது மாத்திரை இல்லயே டாக்டர். அது தள்ளிப்போடறது."

நான் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எங்கள் வீட்டில் காய்ச்சல் மாத்திரையும் தலைவலித் தைலமும் அலமாரியில் இருக்கும். இது சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கும். அது உடம்புக்கு, இது வேண்டுதலுக்கு. காப்புக் கட்டிய பிறகு தூரமானால் காப்பை அவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். முன்னால் நிற்கிறவளுக்கு அது பெரிய அவமானம். அதனால் எல்லாருமே போடுவோம். பூந்தமல்லிக்கோ அம்பத்தூருக்கோ யார் போனாலும் மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கி வருவோம். மருந்துக் கடையில் வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம். "அது வேணும்" என்றால் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வாங்கி வந்து பங்கு போடுகிறவள் நான்தான்.

வீட்டில் தேதிகள் குறித்த காலண்டர் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அடுத்த நாளே பழைய வருஷத்ததையும் புதியதையும் சுருட்டி எடுத்துப்போனேன். பூஜை நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைப்பது என் வழக்கம். அவர் ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை நாள் போட்டேன் என்று கேட்டுக் குறித்தார். ஆடியில் இருபத்துநாலு நாள். மார்கழி முழுவதும். நடுவில் நாத்தனார் வீட்டு விசேஷம் ஒன்று. முந்தைய வருஷமும் அப்படியே.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"யாரும் எழுதல. கேட்டா குடுப்பாங்க."

அவர் திட்டவில்லை. படம் போட்டு விளக்கினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரிந்த மாதிரியே இங்கே சொல்கிறேன்.

ஹார்மோன் (சுரப்பிகள் இரத்தத்தில் கலந்து அனுப்பும் பொருள், இன்ன வேலை செய், இன்ன வேலையை நிறுத்து என்று உறுப்புகளுக்குச் சொல்வது) நம் உடம்பு தானாகச் சுரப்பது. நான் போட்ட மாத்திரை புரோஜெஸ்ட்டிரான் (மாதத்தின் பின்பாதியில் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்) மாதிரி வேலை செய்யும்படி செய்த ஒன்று. அது உள்ளே இருக்கிறவரை உடம்பு விலக்கைத் தள்ளிப்போடும். நிறுத்தினதும் அதன் அளவு திடீரென்று இறங்கும். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளர்ந்து, பிறகு வளர்வதை நிறுத்தி ஓய்வெடுத்து, அதன் பிறகுதான் விழும். ஹார்மோன் இப்படிச் சட்டென்று ஏறி இறங்கும்போது, சிலருக்கு நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மாதம் வேரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு மொத்தமாக விழும். இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் (ஓய்வுக்குப் போன முடிகள் ஒருசேர உதிர்வது) என்று பெயர் சொன்னார். அதோடு, இந்த மாத்திரை சிலர் உடம்பில் கொஞ்சம் ஆண் ஹார்மோன்போலவும் நடந்துகொண்டு உச்சியில் முடியை மெலியச் செய்யலாம் என்றார்.

"இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இரத்தக் குறைவும் சேர்ந்திருக்கலாம், முன்னாடி கொட்டாதது இப்ப கொட்டினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா சந்தேகப்படணும்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். ஆடியில நிறுத்தினீங்க, ஐப்பசியில கொட்டிச்சு. பொங்கலுக்கு நிறுத்தினீங்க, சித்திரையில கொட்டிச்சு." எண்ணெய்க் குப்பியை என் பக்கம் தள்ளினார். "இது என்ன பண்ணிச்சு பாவம்?"

உடனே நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சாமி காரியம் பிடிக்காத டாக்டரோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து என் இரண்டு பிரசவத்தையும் எண்ணிப் பார்த்தேன். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெண்கள் சொல்வோமே, குழந்தை சிரிப்பதே மூன்றாம் மாதம்தானே. பிள்ளை பெற்றதும் உடம்பில் ஏறியிருந்த ஹார்மோன் எல்லாம் இறங்கிவிடும், அந்தக் கணக்குதான் அது. இரண்டு தடவையும் எனக்கு அப்படித்தான் கொட்டியது. இரண்டு தடவையும் பச்சைக் குழந்தையின் சிரிப்பைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறோம். டாக்டர் சொன்னதை நம்பியது அப்போதுதான்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரும்புச் சத்து மாத்திரை மட்டும். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். உதிர்வது நிற்கலாம், வளரலாம், முழுதாக வராமலும் போகலாம் என்றார். முடிக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான். பேச்சிக்காவுக்குச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். எனக்குத்தான் அது பழக்கமாயிற்றே. ஆனியில் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பேச்சிக்கா வீட்டுக்காரர் வேறு பிளாக்குக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தார், வீடு கிடைத்துவிட்டது, ஆடி என்றும் பார்க்காமல் அந்த மாதமே போகிறார்கள். "நாலு வருஷம் இருந்த எடம். ஏன்னு கேட்டா, பொம்பளைங்களுக்கு ஒத்துவரலன்றாரு" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

பேச்சிக்காவிடம் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்பது சுலபம். ஆனால் பேச்சு பரவியது கோயிலில். அங்கே சொன்னால் என் காப்பின் லட்சணமும் வெளியே வரும்.

ஆடி காப்புக் கட்டுகிற அன்று மஞ்சள் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்கள், முதலில் நான் கட்டிக்கொள்ள.

"நான் இந்த வருஷம் கட்டல. பத்து நாளைக்குள்ள எனக்கு நாள் வந்துடும்" என்றேன்.

ஈஸ்வரி என் காதருகே வந்தாள். "அதுக்குத்தான் அது கீதே. வாங்கலியா? நான் தரேன்."

"வேணாம். அதாலதான் எனக்கு முடி கொட்டிச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காலண்டர் கணக்கைச் சொன்னேன்.

ஒருத்தி கேட்டாள்: "அப்போ போன வருஷம் மாத்திரைய முழுங்கிட்டா ஆத்தாளுக்குக் காப்புக் கட்டின?"

"நான் மட்டுமா?" என்றேன். மூன்றாம் நம்பர் மாமி தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பேச்சிக்கா எண்ணெய்ல ஒண்ணும் இல்ல. அவங்க கண்ணுலயும் ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா சொன்னேன்."

ஈஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப வந்து சொல்றியே, இன்னாக்கா நீ? நீ சொன்னியேன்னுதான நாங்க அவங்க மூஞ்சில முழிக்காம இருந்தோம். என் ஊட்ல கொழந்தைக்கு அவங்க குடுத்த முறுக்கத் தூக்கிப் போட்டேனே. அந்தப் பாவம் யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றேன். கயிற்றை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

பேச்சிக்கா வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், எறும்பு வரை. அவர் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"மடியில முடிய செருகுனேம்னா சொன்ன? பறந்து ஒன் வீட்டுச் சோத்துல விழுந்துரக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்ளா. அதுக்கு இம்புட்டுக் கதையா?"

"அந்த இன்னொரு சாமான் என்னன்னு நீங்க சொல்லவே இல்லயேக்கா."

"சின்ன வெங்காயம். மூணாம் நம்பர் மாமி வெங்காயம் தொடமாட்டாக. தெரிஞ்சா எண்ணெயத் தலையில வைக்கமாட்டாகன்னு சொல்லல. போதுமா?"

அவர் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"கோயில்ல வச்சுச் சொன்னியாம், சரி. ஆனா நீ மொதல்ல சொன்னது எம் மக சம்மந்தம் வரைக்கும் போச்சு. இது எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது வசந்தா. நாங்க போறோம்."

போய்விட்டார்கள். நான் சொன்னதால் எதுவும் அன்றே மாறவில்லை. அந்த வருஷம் ஈஸ்வரி முன்னால் நின்றாள். என்னைப் பால்குடத்துக்குக் கூப்பிடவில்லை. ஆனால் ஆடி முடிந்து ஒவ்வொருத்தியாக, கடைக்குப் போகிற வழியிலும் மாவு மில்லிலும் என் காதருகே வந்து கேட்டார்கள்: எத்தனை நாள் போட்டாய், எப்போது கொட்டியது, எந்த டாக்டர். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்த மாத்திரை வேறு, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடையில் கேட்டு வாங்கி, சாமி மாடத்தில் வைத்துக்கொண்டு, மாத்திரை என்றே நினைக்காமல் விழுங்கினேனே, அதைச் சொல்கிறேன். டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் கஷாயம், லேகியம், விசேஷத்துக்குப் போட்டது எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கார்த்திகை வாக்கில் முன்நெற்றியில் விரல் நீளத்துக்குக் குட்டை முடிகள் கம்பிபோல நிமிர்ந்து நின்றன. எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. பார்க்க அசிங்கம். எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. பழைய பின்னல் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வந்தது. அதுவே நின்றது.

பேச்சிக்கா மகளுக்கு அடுத்த வருஷம் அவர்கள் ஊர்ப்பக்கமே இடம் அமைந்தது. பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் பூந்தமல்லி பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த சீட்டில் வந்து உட்கார்ந்தார். வேறு சீட் காலியாக இருந்தது. காட்டுப்பாக்கம் தாண்டுகிற வரை பேசவில்லை. பிறகு, "கத்திரிக்கா என்ன வெல விக்கிது அங்க?" என்றார். அப்படித்தான் மறுபடியும் தொடங்கியது.

இப்போது தொண்ணூறுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். நசரத்பேட்டையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எனக்கு விலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் நான் தள்ளிய நாட்கள் இனி தள்ள ஆளில்லாமல் தானாகப் போய்விட்டன. ஹார்மோன் குறைகிற இந்த வயதில் முடி மெலியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மெலிகிறது. வகிடு மறுபடி அகலமாகிறது. உச்சந்தலைக்கு மறுபடி வெயில் தெரிகிறது.

என் உடம்பைப் பற்றி எனக்கு இப்போது ஒரு பழக்கம் உண்டு. இன்று சீப்பில் வருவது இன்றைய முடி அல்ல. அது எப்போதோ தீர்மானமாகிவிட்டது. நான் தெரியாமல் அதைத் தலையில் சுமந்துகொண்டு சமைத்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், யாரோடோ சண்டை போட்டிருக்கிறேன். அதனால் எது நடந்தாலும் இன்றைக்கு எதிரில் நிற்பவரைப் பார்ப்பதற்கு முன்னால், விரல் விட்டு மூன்று மாதம் பின்னால் எண்ணிப் பார்க்கிறேன்.

போன வாரம் பேச்சிக்கா வந்திருந்தார். அவருக்கும் இப்போது கொண்டை எலுமிச்சம்பழ அளவுதான். பின்வாசலில் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து, தலையைக் குனியச் சொல்லி, உச்சியை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"இந்தத் தடவ யாரு மேல பழியப் போடப் போற?"

"யார் மேலயும் இல்லக்கா. வயசு."

"வயசு மேலயும் போடாத, பாவம். அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது" என்று சொல்லி, உதிர்ந்த முடியைச் சுருட்டி, என் கண் முன்னாலேயே என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.